நாலாவது கார்டில் அப்பா கேட்டது

பதில் போட முடியாத இடத்தில் இருக்கும் என் தினேஷ் அண்ணாவுக்கு,

வெளியே மழை பெய்கிறது. அம்மாவும் அப்பாவும் ஹாலில் படுத்துவிட்டார்கள். அம்மா தூங்கிவிட்டாள். அப்பாவைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை, குறட்டைச் சத்தம் இன்னும் வரவில்லை. நான் ரூமில் ட்யூப்லைட் போடாமல் சார்ஜ் லைட்டைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேனா பேப்பரில் உரசும் சத்தம்கூட ஹாலுக்குக் கேட்குமோ என்று பயமாக இருக்கிறது.

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது அண்ணா. நான் செய்ததெல்லாம் உன் பெயரில் செய்தது. அதனால் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் வீட்டுச் சேதி. நான் ப்ளஸ் ஒன் சேர்ந்துவிட்டேன். உன் பைக்கை விற்கவில்லை, மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அம்மா மறுபடி மெடிக்கல் ஷாப்புக்கு வேலைக்குப் போகிறாள். கடல் மீன் நம் வீட்டுக்குள் வருவதில்லை. சதுரங்கப்பட்டினத்திலிருந்து கூடையோடு வரும் அக்காவும் நம் தெருவுக்குள் வந்தால் நம் வாசலில் மட்டும் கூவாமல் தாண்டிப் போகிறார்.

உன் ஃபோன் உன் படத்துக்கு முன்னால் இருக்கிறது. அன்றைக்குச் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் பின்னால், கடலில் இறங்குவதற்கு முன்னால், சட்டைக்குள் சுருட்டி மணலில் வைத்துவிட்டுப் போனாயே, அதே ஃபோன். சார்ஜர் போடும் ஓட்டைக்குள் இன்னும் மணல் இருக்கிறது. வயரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். அம்மா தினமும் சாய்த்துப் பிடித்து, கீழே தீப்பெட்டி முட்டுக் கொடுத்து, சார்ஜ் போடுகிறாள். உன் நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள் என்று மறக்காமல் ரீசார்ஜும் செய்கிறாள்.

அம்மாவுக்குத் தெரியாமல் நான் அந்த ஃபோனை எடுத்தேன்.

உன் குரலைக் கேட்கத்தான் எடுத்தேன். ஃபோனைத் திறக்கும் பேட்டர்ன் எனக்குத் தெரியும். கம்பெனி பஸ் குரூப்பில் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அப்படியே இருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அம்மா கடையிலிருந்து வருவதற்குள், தினமும் கொஞ்சம் கேட்பேன். எல்லாமே நீங்கள் ஃபோனில் ஆடும் அந்தச் சீட்டாட்டத்தைப் பற்றித்தான். பாதிக்கு மேல் உன்னோடு பஸ்ஸில் வரும் பாபு அண்ணனைத் திட்டியது.

"டேய் பாபு, நட்ஸ் கீது நட்ஸ் கீதுன்னு இன்னாத்துக்குடா குதிக்கிற? இப்ப கீது. அடுத்த கார்டுல இருக்குமா? மூணாவது ஆட்டின் வந்து உழுந்துச்சினா உன் ஸ்ட்ரெய்ட்ட எடுத்துகினு போயி டீக்கடையில வடை மடிக்கலாம்."

இதைக் கேட்டு நான் தனியாகச் சிரித்தேன். சிரித்த பிறகு வாயைப் பொத்திக்கொண்டேன். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று இருந்தது.

அந்த ஆட்டம் எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். சரிதானா பார். ஆளுக்கு நாலு சீட்டு கையில். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக அஞ்சு சீட்டு. முதலில் மூன்றைத் திறப்பார்கள், பிறகு நாலாவது, கடைசியில் அஞ்சாவது. கையிலிருந்து சரியாக ரெண்டு, நடுவிலிருந்து மூன்று. அதற்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நடுவில் எவ்வளவு சில்லு சேர்ந்திருக்கிறதோ, அதற்குப் பாட் என்று பெயர், அதுதான் ஒரு தடவையில் கட்டக்கூடிய உச்சம். வரிசையாக அஞ்சு வந்தால் ஸ்ட்ரெய்ட், அஞ்சும் ஒரே ஜாதியாக, எல்லாம் ஆட்டின் (ஹார்ட்ஸ்) என்பது போல வந்தால் ஃப்ளஷ், அது ஸ்ட்ரெய்ட்டை அடித்துவிடும். நட்ஸ் என்றால் அந்த நேரத்தில் யாராலும் அடிக்க முடியாத கை. நாலாவது சீட்டுக்கு டர்ன் என்று பெயர். காசு கிடையாது, ஆப் தினமும் ஓசியில் தரும் சில்லுதான். தோற்றவர் மறுநாள் கம்பெனி கேட்டில் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

திருக்கழுக்குன்றத்தில் ஏறி மறைமலைநகர் போய்ச் சேரும் வரை, பிறகு சாயங்காலம் திரும்பி வரும் வரை, பஸ்ஸின் கடைசி சீட்டில் நீங்கள் எல்லாரும் ஆளுக்கொரு ஃபோனைப் பிடித்துக்கொண்டு ஒரே டேபிளில் ஆடுவீர்கள். அதற்கு நீதான் 'பஸ் டேபிள்' என்று பெயர் வைத்தாய். அப்பா டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வீட்டுக்கு வந்துதான் திட்டுவார். "ஒரே கம்பெனி, ஒரே பஸ்ஸு. நாலு பேரு என்ன இன்னா நெனப்பான்? ப்ரெஸ் ஷாப் சீனியரு புள்ள சீட்டாடிகினு வர்றான்!" நீ சாப்பிட்டுக்கொண்டே, "நைனா, நீயும் வாயேன், ஒரு சீட்டு காலியா கீது" என்பாய்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் உன் ஃபோனில் அந்த ஆப்பைத் தொட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான். பஸ் டேபிள் தானாகத் திறந்தது. உன் பெயரை அவர்கள் எடுக்கவே இல்லை அண்ணா. 'தினா' என்று உன் இடத்தில் அப்படியே இருந்தது. நான் திறந்ததும் அதன் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

அப்போது அவர்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த நேரம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சீட்டு போடுவது நின்றுவிட்டது. பாபு அண்ணன் "மச்சான்??" என்று எழுதினார். கம்பெனியில் அப்பாவோடு வேலை பார்க்கும் செல்வம் மாமா "எவன்டா அது வெளயாட்டு காட்டறது" என்று எழுதினார். அதற்குக் கீழே பாபு அண்ணன் மறுபடி, "தினா, கீறியாடா?"

ஃபோனை மூடிவிட்டேன். அன்று ராத்திரி அப்பா வீட்டுக்கு வந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் உன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். ஃபோனைப் பார்த்தார். தொடவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. 'மச்சான்' என்று உன்னை ஒருவர் கூப்பிட்டு எத்தனை நாளாகிவிட்டது? வீட்டில் உன் பெயரைச் சொன்னால் அம்மா எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விடுகிறாள். அந்த டேபிளில் மட்டும்தான் நீ இன்னும் வருவாய் என்று ஓர் இடம் போட்டு வைத்திருந்தார்கள். நான் மறுநாளும் திறந்தேன். அதற்கு மறுநாள் உட்காரும் பட்டனை அமுக்கினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு நாலு சீட்டு வந்தது.

அந்த வாரமே புதிதாக ஒரு பெயர் டேபிளுக்கு வந்தது. 'தினேஷ்அப்பா'.

உனக்கு நம்ப முடிகிறதா? நம் அப்பா. டிரைவர் பின் சீட்டை விட்டுக் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். உனக்குப் பக்கத்து இடத்தையே எடுத்துக்கொண்டார். அவர் ஆடுவதைப் பார்த்தால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். ஒரு தடவை நடுவில் நாலு ஆட்டின் விழுந்திருந்தது. அப்பா கையில் ஆட்டின் ஏஸ் ஒன்றே ஒன்று. ஃப்ளஷ் அடித்துவிட்டதாக நினைத்துக் கட்டக்கூடிய உச்சத்தையே கட்டிவிட்டார்.

பாபு அண்ணன் எழுதினார்: "தினேஷப்பா, கையில ரெண்டு ஆட்டின் வேணும்யா. ஒண்ண வச்சிகினு ஊர்வலமே வுடறியே!"

செல்வம் மாமா: "வுட்றா. நாளைக்கு டீ வருதில்ல."

சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன. நானும் ஒன்று போடப் போய், உன் பெயரில் போகும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. அப்பா முதல் மூன்று சீட்டுக்குச் சும்மா இருப்பார். நாலாவது விழுந்ததும், நான் ஆட்டத்தில் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஃபுல் பாட் கட்டுவார். கையில் என்ன இருந்தாலும் சரி. நான் இல்லாத ஆட்டத்தில் அப்படிச் செய்வதில்லை. நான் பயந்துபோய் சீட்டை மடக்கிவிடுவேன். அடுத்த ஆட்டத்திலும் அதேதான். தெரியாமல் ஆடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வேறு மாதிரி பயம் வந்தது. நீ அங்கே இருப்பதாகவே அவர் நம்புகிறாரோ? உன்னிடம் இப்படியாவது பேசுகிறாரோ?

ஞாயிற்றுக்கிழமை செல்வம் மாமா வீட்டுக்கு வந்தார். அப்பா முடி வெட்டப் போயிருந்த நேரம் பார்த்து வந்தார் என்று நினைக்கிறேன். வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கி வந்திருந்தார். நான் சமையல்கட்டில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அம்மாவிடம் பேசியது முழுக்கக் கேட்டது.

"அண்ணி, உங்கள பயமுறுத்த வரல. சொல்லாம இருக்கவும் முடியல. அண்ணாத்த முன்ன மாதிரி இல்ல. பஸ்ல ஃபோன மூஞ்சிகிட்ட வச்சிகினு தானா பேசிகினு வர்றாரு."

"இன்னா பேசறாரு?"

"எந்திரிச்சிப் போ, எந்திரிச்சிப் போன்றாரு. அதான் திரும்பத் திரும்ப."

மாமா குரலை இறக்கினார். எனக்கு அடுப்பை அணைக்க வேண்டியதாயிற்று.

"போன வாரம் தகடு அடிக்கிற ப்ரெஸ்ல கை உள்ள போயிடிச்சி அண்ணி. நல்ல வேள, சென்சார் கீது, மிஷினு நின்னுடிச்சி. ஒண்ணும் ஆவல. புதன்கிழமையிலேர்ந்து அவரப் பழைய ப்ரெஸ்ல போடறாங்க. அதுல சென்சார்லாம் கெடயாது. ஆள்தான் கவனமா இருக்கணும்."

"லீவு போடச் சொல்லுங்கண்ணா. நான் சொன்னா கேக்க மாட்டாரு."

"நானும் சொல்லிட்டேன். வூட்ல குந்திகினு இன்னா பண்றதுன்றாரு." அதற்குப் பிறகு மாமா கேட்டார்: "அண்ணி, தினாவோட ஃபோனு யாரு கையில கீது?"

"யாரும் தொடறதில்லண்ணா. தோ, படத்துக்கு முன்னாடிதான் கீது. நான்தான் சார்ஜ் போடறேன்."

டீ கொண்டு போய்க் கொடுத்தேன். மாமா டம்ளரை வாங்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. "நல்லா படிக்கிறியா பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை அண்ணா. அப்பாவின் கை என் கண்ணிலேயே நிற்கிறது. அந்த வலது கைக் கட்டைவிரலில் எண்ணெய்க் கறை எப்போதும் போகாதே, அது. எந்திரிச்சிப் போ என்று அவர் உன்னை அனுப்பிவைக்கப் பார்க்கிறார், நான் தினமும் உன்னைத் திரும்பக் கூட்டிவந்து உட்கார வைக்கிறேன், மிஷின் முன்னால் நின்றுகொண்டு அவர் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார். இப்படித்தான் எனக்குத் தோன்றியது. அவருக்கு ஏதாவது ஆனால் அது என்னால்தானே?

சொல்லாமல் ஆப்பை அழித்துவிடலாமா? அப்படிச் செய்தால் உன் பச்சைப் புள்ளி ஒரு நாள் திடீரென்று நின்றுவிடும். ஏன் நின்றது என்று அவருக்குத் தெரியாது. உன்னை ரெண்டாவது தடவை தொலைத்த மாதிரி ஆகாதா? சொல்லிவிடலாமா? சொன்னால் அம்மாவுக்கும் தெரியும். யாரும் தொடறதில்லை என்று அவ்வளவு நிச்சயமாகச் சொன்னாளே.

உன் வாய்ஸ் மெசேஜ் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பாபு அண்ணனுக்கு நீ சொன்னதுதான். பஸ் சத்தத்துக்கு நடுவில், கொளவாய் ஏரி தாண்டும்போது பேசியிருக்கிறாய் போல, காற்று அடிக்கிறது.

"டர்ன்ல கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு யோசி. நீ ஃபுல் பாட் கட்டற. எதிர்ல குந்திகினு கீறவன் திருப்பி ஏத்தறான். நிப்பியா, ஓடுவியா? ஓடறதா இருந்தா கட்டாத. செக் சொல்லு, அஞ்சாவது கார்ட ஓசியில பாத்துக்கோ. நிப்பேன்னா கட்டு. தம்மாத்துண்டு கட்டாத, ஃபுல்லா கட்டு. அஞ்சாவது கார்டு உழுந்தப்புறம் கட்டறது சும்மா, எல்லாம் முடிஞ்சிபோச்சி. நாலாவதுல கட்டறதுதான்டா எதிர்ல கீறவன ஒரு கேள்வி கேக்கறது."

பாபு அண்ணன் இதற்கு, "வாத்தியாரே, ஃபீஸ் எவ்ளோ?" என்று போட்டிருந்தார். நீ ஒரு செருப்புப் படம் போட்டிருந்தாய்.

நேற்று முழுக்க மழை, சிக்னல் இல்லை, டேபிளுக்கு யாரும் வரவில்லை. நாளை புதன்கிழமை. இன்று சாயங்காலத்தை விட்டால் எனக்கு வேறு நேரம் இல்லை. அதனால் முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன். அப்பா வழக்கம்போல் நாலாவது கார்டில் கட்டுவார். இந்தத் தடவை நான் மடக்கப் போவதில்லை. அவர் கட்டியதைவிடக் கூடுதலாகத் திருப்பி ஏத்திவிட்டு, அவர் நிற்கும் நேரத்தில், 'அப்பா, நான் நிவே' என்று எழுதிவிடுவது. எழுதி வைத்துக்கொண்டேன். அனுப்பும் பட்டன் மட்டும் பாக்கி.

கையில் இஸ்பேட் ஜாக்கியும் இஸ்பேட் பத்தும் வந்தன. மற்ற ரெண்டும் நாலு, நாலு. ஒன்றுக்கும் உதவாது. நடுவில் முதல் மூன்று: ஆட்டின் ஒன்பது, ஆட்டின் எட்டு, கிளாவர் மூன்று. நான் கொஞ்சம் கட்டினேன். பாபு அண்ணனும் செல்வம் மாமாவும் மடக்கிவிட்டார்கள். அப்பா கூட வந்தார். நாலாவது சீட்டு இஸ்பேட் ஏழு.

ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி. நட்ஸ் அண்ணா! இத்தனை நாளில் முதல் தடவையாக என்னிடம். ஆனால் நீ பாபு அண்ணனைத் திட்டுவாயே, அதே வெறும் நட்ஸ். இன்னொரு ஆட்டின் விழுந்தால் போச்சு, எனக்குப் பின்னால் வேறு வழி எதுவும் இல்லை. கட்ட வேண்டும், இப்போதே கட்ட வேண்டும், அப்பாவின் முறை முடியட்டும் என்று காத்திருந்தேன். அவர்தான் முதலில் ஆட வேண்டும்.

அப்பாவின் பெயருக்குக் கீழே நேரக் கோடு குறைந்துகொண்டே வந்தது. எப்போதும் உடனே கட்டிவிடுவார். இன்று பச்சை போய் மஞ்சள் ஆகி, சிவப்பு ஆகி, கடைசியில் 'செக்' என்று வந்தது. ஒன்றும் கட்டவில்லை.

அதற்குக் கீழே எழுத்து வந்தது.

"நிவே பாப்பா ஸ்கூல் வுட்டு வந்து சாப்ட்டியா"

அண்ணா, எனக்கு அந்த வரியைப் படிக்கத் தெரிந்தது, புரியவில்லை. டேபிளில் இருந்த எல்லாருக்கும் அது தெரிந்திருக்கும். யாரும் ஒரு பொம்மைகூடப் போடவில்லை. என் கோடு குறைய ஆரம்பித்தது. நான் எழுதி வைத்திருந்த வரி அப்படியே இருந்தது. விரல் அதன் மேல் போகவில்லை. நேரம் முடிந்து ஆப்பே எனக்குப் பதிலாகச் செக் சொல்லிவிட்டது. அஞ்சாவது சீட்டு என்ன விழுந்தது என்றுகூடச் சரியாக ஞாபகம் இல்லை. அப்பா மறுபடி செக். எனக்கும் நேரம் முடிந்தது. சீட்டெல்லாம் திறந்தன. அப்பா கையில் ஒன்றுமே இல்லை. ஒரு ஜோடிகூட இல்லை. சில்லெல்லாம் நகர்ந்து உன் பெயருக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது.

ஃபோனை மூடி, உன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, பாத்ரூமில் போய் நின்றுகொண்டேன். அப்போதுதான் செல்வம் மாமா சொன்னது வேறு மாதிரி கேட்டது. எந்திரிச்சிப் போ, எந்திரிச்சிப் போ. அப்பா உன்னிடம் சொல்லவில்லை அண்ணா. என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் எரிந்து, அம்மா வரும் நேரத்தில் அணையும் பச்சைப் புள்ளி. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும் சனிக்கிழமைகளில் எரியாத புள்ளி. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? நாலாவது கார்டில் முழுசாகக் கட்டிக் கட்டி என்னை டேபிளை விட்டு எழுப்பப் பார்த்திருக்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் மடக்கிவிட்டு, திரும்ப அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்படியென்றால் ப்ரெஸ் முன்னால் நின்று அவர் யோசித்தது யாரைப் பற்றி? உன்னையா, என்னையா?

அப்பா நனைந்து வந்தார். டிபன் பாக்ஸைக் கீழே வைத்ததும் அம்மாவிடம், "பாப்பா சாப்ட்டாளா?" என்றார்.

"இன்னாத்துக்கு இன்னிக்கிப் புதுசா விசாரிக்கிறீங்க?"

"கேட்டேன். அவ்ளோதான்."

"அவ எங்க சாப்பிடறா? ஞாயித்துக்கெழமையிலேர்ந்து தட்டுல கோலம் போட்டுகினு கீறா. நீங்களே கேளுங்க."

அப்பா என்னைக் கேட்கவில்லை. நான் ரூம் வாசலில் நின்றேன். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார், முடி வெட்டின தலையில் துவட்ட என்ன இருக்கிறது? தோசை சாப்பிட உட்கார்ந்தோம். அவர் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சு விரலும் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தன.

அம்மா பின்கதவைத் தாழ் போடப் போன நேரத்தில் அப்பா எழுந்து உன் ஃபோனை எடுத்தார். அவர் அதைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வயரைச் செருகினார், ஏறவில்லை. கொஞ்சம் சாய்த்தார், ஏறியது. ஒரு நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கழற்றி, படத்துக்கு முன்னால் வைக்காமல், என் கெமிஸ்ட்ரி புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே போய்ப் படுத்துவிட்டார்.

இப்போது அது என் பக்கத்தில் இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் அண்ணா? ஆடிக்கொள் என்றா? எனக்கு எல்லாம் தெரியும் என்றா? காலையில் அம்மா எழுந்து படத்துக்கு முன்னால் பார்த்தால் ஃபோன் இருக்காது. அதை அவர் யோசித்தாரா, யோசித்துத்தான் செய்தாரா?

இவ்வளவு நேரமும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் அஞ்சாவது சீட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றே இத்தனை நாளும் இருந்திருக்கிறேன். அப்பா தானாகக் கண்டுபிடிக்கட்டும், செல்வம் மாமா சொல்லட்டும், அம்மா எப்படியோ பார்த்துவிடட்டும். நாளை அந்தப் பழைய மிஷின் ஓட ஆரம்பித்த பிறகு நான் என்ன சொன்னாலும் அது சும்மாதானே?

அதனால் நீ பாபு அண்ணனைக் கேட்டதை நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். நான் போய்ச் சொல்கிறேன். அப்பா திருப்பி ஏத்துகிறார்: "ஏன் பாப்பா அப்படிப் பண்ண?" நிற்பேனா, ஓடுவேனா?

முதலில் ஓடுவேன் என்றுதான் தோன்றியது. பிறகு பதில் இருக்கிறது என்று தெரிந்தது. அண்ணாவ எல்லாரும் கூப்பிட்டாங்கப்பா, யாராவது வரணுமேன்னு இருந்துச்சு. இவ்வளவுதான். இதைச் சொல்லி அழுதாலும் நிற்க முடியும். அம்மா வந்து நின்று, "தொட்டியா?" என்று கேட்டால்? அதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. ஆனாலும் உன் குரலை அம்மாவும் கேட்க வேண்டும். அவளுக்குப் பேட்டர்ன் தெரியாது. இத்தனை மாதமாக உன் ஃபோனுக்குச் சார்ஜ் போட்டாளே தவிர, அதற்குள் நீ பேசிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

ஹாலில் அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கிறார். சொம்பு வைக்கும் சத்தம். போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறதோ என்னவோ. கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இப்போதுதான் திரும்பிப் போனார்.

காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்னால் அப்பா வாசற்படியில் உட்கார்ந்து சேஃப்டி ஷூவுக்கு லேஸ் கட்டுவார் இல்லையா, அம்மா உள்ளே அவருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருப்பாள். அப்போது போய் அவர் பக்கத்தில் உட்காருவேன். "சாப்ட்டேன்பா" என்பேன். கேட்டதற்குப் பதில் அதுதானே. பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஹார்ன் அடித்தாலும் விடாமல், எல்லாவற்றையும் சொல்லுவேன். அவர் மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் மிஷின் முன்னால் நிற்க வேண்டும்.

நாளை சாயங்காலம் பஸ் டேபிளில் உன் புள்ளி எரியாது அண்ணா. கோபித்துக்கொள்ளாதே. அப்பா உன் பக்கத்து இடத்தில் இருப்பார், அவருக்கு ரெண்டு ஆட்டின் வேண்டும் என்று பாபு அண்ணன் சொல்லித் தருவார்.

செக் சொல்ல மாட்டேன். நேரம் முடிய விட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வார்த்தை.

உன் பெயரில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்து, நாளை தன் பெயரில் எழுந்திருக்கப் போகும்
உன் ஒரே தங்கச்சி,
நிவே